உயிரைக் கையில பிடிக்கிறது எப்படின்னு யார் சொல்லித் தர்றாங்க?

1/
போன வருஷம் ஒரு சனிக்கிழமை மதியம். தூத்துக்குடி, கேஷுவாலிட்டி டியூட்டி.
விலங்கியல் ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பியை நாலு பேர் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. வலது உள்ளங்கையில கெளுத்தி முள் குத்தியிருந்தது. கூட வந்த ஒரு பொண்ணு கையில பிளாஸ்டிக் வாளி.
அந்த வாளியைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
கல்லூரி ப்ராக்டிகலுக்காக கடற்கரைக்குப் போயிருக்காங்க. கரைவலைக்காரங்க ஒதுக்கிப் போட்டதுல இருந்து சேகரிச்சிருக்காங்க. கெளுத்தி செத்துப் போச்சுன்னு நினைச்சு தம்பி அழுத்திப் பிடிச்சிருக்கான்.
அது சாகல.
கடல் கெளுத்திக்கு முதுகுல ஒரு முள், பக்கத்துக்கு ஒண்ணா இன்னும் ரெண்டு. ரம்பம் மாதிரி பல் இருக்கும், கூடவே விஷமும் உண்டு.

3/
நண்பர்கள் மணிக்கட்டை கர்ச்சீப்பால இறுக்கிக் கட்டியிருந்தாங்க. முதல்ல அதை அவிழ்த்தேன்.
அடுத்து வெந்நீர். இந்த விஷம் ஒரு புரதம், சூட்டுல செயலிழக்கும். சுமார் 45 டிகிரி, அதாவது தாங்கக்கூடிய சூடு. 30 முதல் 90 நிமிஷம் கை அதுல இருக்கணும். சூடு பார்க்க அடிபடாத கையைத்தான் விடணும். குத்துப்பட்ட கை மரத்திருந்தா வெந்துபோனாலும் தெரியாது.
அரை மணி நேரத்துல அவன் அழுகை நின்னுச்சு. அப்புறம் உள்ள முறிஞ்ச முள் இருக்கான்னு எக்ஸ்ரே, புண்ணைக் கழுவுறது, டிடி ஊசி.

4/
எங்க வார்டு அட்டெண்டர் அண்ணாச்சிக்கு திரேஸ்புரம். அவங்க அப்பா சங்கு குளிச்சவர். அண்ணாச்சி போற போக்குல வாளிக்குள்ள எட்டிப் பார்த்தார். அப்படியே நின்னுட்டார்.
"எம்மா, வாளியை மெதுவா கீழ வைங்க. ஒருத்தரும் உள்ள கையை விட்ராதீங்க."

5/
உள்ள ரெண்டு நண்டு, ஒரு நட்சத்திர மீன், ஒரு கடல் அட்டை. ஓரத்துல கூம்பு வடிவத்துல ஒரு சங்கு, மேல பழுப்பு நிறத்துல வலை போட்ட மாதிரி கோலம். மெதுவா ஊர்ந்துட்டு இருந்துச்சு.
"அழகா இருந்துச்சு சார். நான்தான் எடுத்தேன். உள்ளங்கையில வச்சு வீடியோ கூட எடுத்தேன்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.
எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

6/
அது கூம்பு நத்தை. ஊசி மாதிரி ஒரு பல்லை ஈட்டியா எறிஞ்சு இரையை மரத்துப்போக வைக்கும். சங்கோட எந்தப் பக்கம் பிடிச்சாலும் அந்தக் குழல் வளைஞ்சு வந்து எட்டிடும். "இந்தப் பக்கம் பிடிச்சா பாதுகாப்பு"ன்னு எதுவும் கிடையாது.
சில இனங்கள் குத்தி மனுஷங்க செத்திருக்காங்க. வலி பெருசா இல்லாமகூட இருக்கலாம். முதல்ல மரத்துப்போகும், அப்புறம் தசை தளரும், கடைசில மூச்சு. விஷமுறிவு மருந்து கிடையாது. மூச்சை நாம தாங்கிப் பிடிச்சா ஆள் பிழைக்கலாம், அவ்வளவுதான்.

7/
இதே குடும்பத்து நத்தை ஒண்ணோட விஷத்துல இருந்துதான் சிகோனோடைடுன்னு ஒரு வலி மருந்து பிறந்துச்சு. வேற எதுக்கும் அடங்காத கடும் வலிக்கு தண்டுவடத்தைச் சுத்தியுள்ள திரவத்துல செலுத்துவாங்க. 2004ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது.
அதனால இதை வெறுக்கவோ நசுக்கவோ சொல்லல. கையில எடுக்காதீங்கன்னு மட்டும் சொல்றேன்.

8/
பசங்ககிட்ட கேட்டேன். "போறதுக்கு முன்னாடி என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"
"பேர், பைலம், கிளாஸ், எங்க கிடைச்சது... இதெல்லாம் எழுதணும் சார்."
"எப்படிப் பிடிக்கணும்னு? எதைத் தொடக்கூடாதுன்னு?"
ஒருத்தரும் பேசல.
திட்டணும்னு வாயைத் திறந்தேன். வார்த்தை வரல. ஏன்னா எனக்கு என் தவளை ஞாபகம் வந்துச்சு.

9/
2006. எம்பிபிஎஸ் முதல் வருஷம், பிசியாலஜி லேப். கரி பூசின டிரம், சாக்குல தவளைகள்.
தலைக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல ஊசியை இறக்கி மூளையையும் தண்டுவடத்தையும் அழிக்கணும். அதுக்கு 'பித்திங்'னு பேர். ஒரு தடவை காட்டினாங்க. அடுத்தது நான்.
கை நடுங்குச்சு. ஊசி எங்க போச்சுன்னே தெரியல. போர்டுல பின் குத்தினப்போ அது காலை உள்ள இழுத்துக்கிச்சு.

10/
அது வெறும் அனிச்சைச் செயலா, இல்ல அதுக்கு வலிச்சுதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அன்னிக்கு யார்கிட்டயும் கேட்கவும் இல்ல. பக்கத்து டேபிள்ல சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். கிராஃப் நல்லா வந்துச்சு. ரெக்கார்டுல கையெழுத்தும் கிடைச்சது.
சிரிச்சதைத்தான் என்னால மறக்க முடியல.

11/
மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960ல. அதுக்கு வழி போட்டவர் நம்ம ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில தனிநபர் மசோதா கொண்டு வந்தவர்.
புத்தகம், மாடல், படம் இதுலயே பாடம் நடத்த முடிஞ்சா கல்லூரிகள்ல விலங்குச் சோதனையைத் தவிர்க்கணும்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. ஆனா கல்லூரி விலங்கியல் லேப்ல அறுப்பதை நிறுத்தச் சொல்லி யுஜிசி அறிவிச்சது 2014ல. நடுவுல 54 வருஷம். மருத்துவப் படிப்புலயும் தவளை இருந்த இடத்துல கம்ப்யூட்டர் வந்தாச்சு.
நல்ல விஷயம். சந்தேகமே இல்ல.

12/
ஆனா ஒண்ணு. கத்தியை எடுத்தாச்சு, கை அப்படியேதான் இருக்கு. கடற்கரைக்குப் போறாங்க, உயிரோட இருக்கிறதை வாளியில போடுறாங்க. எப்படிப் பிடிக்கணும், எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம், எப்போ திருப்பி விடணும்னு யாரும் சொல்றதில்ல. அன்னிக்கு எனக்கு தவளை 'ஸ்பெசிமென்'. இன்னிக்கு இவங்களுக்கு வாளியில இருக்கிற எல்லாமே 'ஸ்பெசிமென்'.

13/
இத்தனைக்கும் உயிரைப் பக்குவமா கையாளுறதுக்குப் பாடம் நம்ம ஊர்லயே இருக்கு.
பழைய முத்துக்குளிப்புல சிப்பிகளை மலையா குவிச்சு, அழுக வச்சு, அலசி முத்து தேடுவாங்க. இந்தக் கரையில கடைசியா பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அப்புறம் 1973ல, தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துல அழகர்சுவாமியும் அவர் குழுவும் சிப்பிக்குள்ள உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினாங்க.

14/
அது ஒரு ஆபரேஷன்தாங்க. முதல்ல மெந்தால் போட்டு சிப்பியைத் தளர விடணும். ஓட்டைப் பலவந்தமா நெம்பக்கூடாது. சின்னதா ஒரு கீறல், உள்ள ஒரு மணி, கூடவே இன்னொரு சிப்பியோட திசுத் துண்டு. அந்தத் திசுவுக்காக அந்த இன்னொரு சிப்பி சாகுது, அதையும் மறைக்க வேண்டாம். அப்புறம் ஓய்வு.
கை முரடா இருந்தா சிப்பி செத்துப்போகும், இல்லன்னா மணியை வெளிய தள்ளிடும்.
பிறந்த குழந்தைக்கு ஊசி போடப் பழகினப்போ எனக்கு ஒரு சீனியர் அக்கா சொன்னதும் இதுதான்: "முதல்ல கையைப் பிடி. ஊசி அப்புறம்." தவளை லேப்ல எனக்கு யாராவது அதைச் சொல்லியிருக்கலாம்.

15/
கடற்கரைக்கு மாணவர்களைக் கூட்டிட்டுப் போற ஆசிரியர்களுக்கு:
• கூம்பு வடிவச் சங்கு எதையும் தொட விடாதீங்க.
• கெளுத்தி, திருக்கை செத்த மாதிரி கிடந்தாலும் வெறுங்கையால எடுக்கக்கூடாது.
• ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கொண்டு போங்க. மீன் முள்ளுக்கு அதுதான் முதலுதவி. ஆழமா இறங்கின முள்ளை நீங்களே பிடுங்காதீங்க.
• கூம்பு நத்தை குத்தினா வெந்நீரை நம்பி நேரத்தை விடாதீங்க. கை கால் அசையாம துணிப்பட்டையைச் சுத்தி, வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே வாங்க.
• கடல் அட்டை, கடல் குதிரை 2001ல இருந்து சட்டப் பாதுகாப்புல இருக்கு. வாளியில போட்டாலே குற்றம்.
• போட்டோ எடுங்க, எழுதிக்கோங்க, எடுத்த இடத்துலயே விட்டுடுங்க.

16/
அன்னிக்கு சாயங்காலம் டியூட்டி முடிஞ்சதும் அண்ணாச்சியே வாளியை எடுத்துட்டுப் போய் கடல்ல விட்டுட்டு வந்தார். அந்தப் பொண்ணும் கூடப் போச்சு.
நாலாம் நாள் தம்பி டிரெஸ்ஸிங்குக்கு வந்தான். வீக்கம் வடிஞ்சிருந்தது. கிளம்பும்போது கேட்டேன், "அந்தக் கெளுத்தி என்னாச்சு?"
கொஞ்ச நேரம் யோசிச்சான். "மணல்லயே போட்டுட்டு வந்துட்டோம் சார்."
வேற ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு கையைப் பார்த்துட்டே நின்னான். நானும் என் தவளைக் கதையை அவன்கிட்ட சொன்னேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.