கீழ் வீட்டு லட்டு கோபால்

தில்லி வந்த புதிது. ஒரு ஜனவரி காலையில் கீழ் வீட்டு மாதாஜி உள்ளங்கை அளவில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பேரனுக்கா என்று கேட்டேன். "லட்டு கோபாலுக்கு" என்றார்.

வடக்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு: ஒரு கையில் லட்டுவோ வெண்ணெயோ ஏந்தித் தவழும் பித்தளைக் குழந்தைக் கண்ணன். கடையில் ஒன்று, இரண்டு என்று நம்பர் சொல்லித்தான் வாங்க வேண்டும். அந்த நம்பருக்கேற்ற உடைக்குப் பெயர் 'போஷாக்'. மதுரா, பிருந்தாவனம் பக்கம் போனால் கடை கடையாகத் தொங்கும். காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு காட்டி, இரவு தூங்க வைக்க வேண்டும். கோகுலாஷ்டமி ராத்திரி காம்போடு உள்ள வெள்ளரிக்காயை நறுக்குவார்கள், தொப்புள்கொடி அறுப்பதாக ஐதீகம்.

மாதாஜியுடையது பழசு. 1947-ல் லாகூரிலிருந்து மாமியார் ரஜாயில் சுற்றி எடுத்து வந்தது. துடைத்துத் துடைத்து மூக்கு மழுங்கி, கண் இருந்த இடம் வழவழவென்று இருக்கும். பழம்பொருள் வியாபாரி ஒருவர் நல்ல விலை சொல்லியும் கொடுக்கவில்லையாம். "முகமே தேஞ்சு போச்சே" என்றேன் அசட்டுத்தனமாக. "என் முகம் மட்டும் என்ன வாழுது, பேட்டா?" என்று சிரித்தார்.

போன குளிர்காலத்தில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு நாள் ஆஸ்பத்திரி. கோபாலைத் தனியாக விடக் கூடாதென்று கூடையோடு எங்களிடம் கொடுத்தார். "வெங்காயம் இல்லாம எது சமைச்சாலும் வைங்க. இட்லிகூட சாப்பிடுவான்."

கொலு மரப்பாச்சிக்குத் துணி கட்டிப் பழகிய கையாச்சே, தங்கமணி உடனே ஒரு குட்டிப் பட்டு வேட்டி தைத்துவிட்டாள் :-)

மூன்றாம் நாள் நடுராத்திரி விழிப்பு வந்தது. நல்ல குளிர். எழுந்து போய் போர்வை விலகியிருக்கிறதா என்று பார்த்தேன். சரி செய்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பித்தளைக் குழந்தையை ஆறு நாள் தனியாக விட அவருக்கு மனசில்லை. அப்பா போய் மூன்று வருஷமாக அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள்.

காலையில் போன் செய்தேன். "என்னடா, ஞாயித்துக்கிழமைகூட இல்லையே, உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினாள். இங்கே வந்துவிடேன் என்றேன். வழக்கமான பதில்தான்: "சாமிக்கு யாருடா விளக்கேத்துவா?"

"சாமியையும் கூடையில வச்சு எடுத்துண்டு வாம்மா. இந்த ஊர்ல அது சகஜம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள், "கூடை எவ்வளவு பெருசுடா இருக்கும்?"