கொலம்பியா ஆற்றங்கரை டாக்டர்கள்

அன்புள்ள டாக்டர் அண்ணாவுக்கு,

வான்கூவர் என்றதும் கனடா என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் இருக்கும் வான்கூவர் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது. கொலம்பியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்ட். ஆற்றங்கரையில், தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் மரக்கோட்டையைப் பழையபடியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து முதல் டாக்டர்கள் யார், எப்படி வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கதை இந்தக் கோட்டையில்தான் ஆரம்பிக்கிறது.

இந்தப் பக்கத்துக்குக் கம்பெனித் தலைவராக 1824-ல் வந்த ஜான் மக்லாஃப்லின் படித்தது மருத்துவம். கியூபெக்கில் பிறந்தவர். மெடிக்கல் காலேஜ் எல்லாம் கிடையாது. 14 வயதில் ஒரு டாக்டரிடம் சேர்ந்து தொழில் கற்று, 1803-ல், 18 வயதில் லைசென்ஸ் வாங்கிவிட்டார். பிறகு மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்குப் போய், கம்பெனியின் பெரிய அதிகாரியானார். ஆறடி நாலு அங்குல உயரம், தோள்வரை வெள்ளைமுடி. ராக்கி மலைக்கு மேற்கே விலை வைப்பதும் பஞ்சாயத்து பண்ணுவதும் தண்டனை கொடுப்பதும் அவர்தான். வைத்தியம் பின்வாசல் வேலையாகிவிட்டது.

1830-ல் அது முன்வாசலுக்கு வந்தது. அந்த வருஷம் ஆற்றோரம் முழுக்கக் குளிர்காய்ச்சல். விட்டுவிட்டு நடுக்கி எடுக்கும் காய்ச்சல்; மலேரியா என்றே இன்று சொல்கிறார்கள். கொசுதான் காரணம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாத காலம். ஆற்றில் வந்து நின்ற ‘ஒவைஹீ’ என்ற அமெரிக்கக் கப்பலின் கேப்டன்தான் நோயை அவிழ்த்துவிட்டான் என்று பழங்குடிகள் உறுதியாக நம்பினார்கள். நோய் வெளியிலிருந்து வந்தது என்ற வரையில் அவர்கள் சொன்னது சரிதான்.

கோட்டையில் கொய்னா இருந்தது. ஆனால் கொஞ்சம்தான். லண்டனிலிருந்து தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றிக் கப்பலில் வரவேண்டிய சரக்கு. (நம் நடுவட்டத்தில் சின்கோனா மரம் நட்டதெல்லாம் இதற்கு ஒரு தலைமுறை கழித்து.) கையிருப்பு தீர்ந்ததும் மக்லாஃப்லின் இங்கே காட்டில் வளரும் டாக்வுட் மரத்தின் பட்டையைக் கொடுத்துச் சமாளித்தார். கோட்டையாட்களில் பலர் படுத்தார்கள், பெரும்பாலும் எழுந்தார்கள். வெளியே சினூக், கலப்பூயா பழங்குடி ஊர்களில் அப்படி இல்லை. எந்தக் காய்ச்சலுக்கும் அவர்கள் வழக்கம், சூடான கல்லில் நீர் தெளித்து ஆவிக்குடிசையில் வியர்க்க உட்கார்ந்துவிட்டு, எழுந்துபோய்க் குளிர்ந்த ஆற்றில் முங்குவது. இந்தக் காய்ச்சலுக்கு அது எமனாயிற்று. பத்தே வருஷத்தில் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போய்விட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். 1840-களில் கிழக்கேயிருந்து வண்டி கட்டி வந்த அமெரிக்கக் குடும்பங்கள் வில்லாமெட் பள்ளத்தாக்கைப் பார்த்து, இவ்வளவு நல்ல மண் காலியாகக் கிடக்கிறதே என்றார்களாம். காலியானதெப்படி என்று விசாரித்தவர்கள் குறைவு.

1833-ல் ஸ்காட்லாந்தில் படித்த இரண்டு இளம் டாக்டர்கள் கம்பெனி அனுப்பி வந்து சேர்ந்தார்கள். ஒருவர் வில்லியம் டால்மி. மூலிகை தேடுகிற சாக்கில் ரெய்னியர் மலைச்சரிவில் ஏறியவர். அங்கே ஒரு சிகரத்துக்கு அவர் பெயர். இன்னொருவர் மெரிடித் கெய்ர்ட்னர். காய்ச்சலில் இறந்த சினூக் தலைவர் காம்காம்லியின் கல்லறையைத் தோண்டித் தலையை எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார் இந்த மனிதர், மண்டையோட்டு ஆராய்ச்சிக்காக. காசநோயில் 1837-ல் ஹவாயில் இறந்துபோனார். தலை ஊர் திரும்ப நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. இவரை யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கஸ் விட்மன் வேறு ரகம். நியூயார்க் பக்கத்து டாக்டர், மிஷனரி. 1835-ல் கிரீன் ரிவர் ஓரம் வேட்டைக்காரர்கள் கூடும் சந்தையில் ஜிம் பிரிட்ஜர் என்ற பேர்போன மலைக்காரரின் முதுகை அறுத்து, மூன்று வருஷமாக உள்ளே கிடந்த இரும்பு அம்புமுனையை எடுத்தார். மூன்று அங்குல முனை; எலும்பில் மோதிக் கொக்கிபோல் வளைந்து, சுற்றிலும் குருத்தெலும்பு வளர்ந்திருந்தது. மயக்க மருந்தே இல்லாத காலம். சுற்றிநின்று பார்த்த கூட்டத்தில் பழங்குடிகளும் இருந்தார்கள். விட்மன் பெயர் மலையெல்லாம் பரவியது அன்றைக்குத்தான். பிரிட்ஜர் பிற்பாடு தன் மகளையே விட்மன் வீட்டில் வளரவிட்டார்.

மறுவருஷம் மனைவி நார்சிஸாவோடு வந்து, இன்றைய வாலா வாலா அருகே, கயூஸ் மக்கள் நடுவில் வையீலட்பு என்ற இடத்தில் மிஷன் போட்டார். கயூஸ்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி இறந்தால், வைத்தியர்மேல் சந்தேகம் வந்தால், உறவுக்காரர்கள் அவரைக் கொல்லலாம். காட்டுமிராண்டித்தனம் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைக்கும் நம்மூர்க் கூட்டத்தைப் பார்த்தவர் நீங்கள். எனக்கு அது அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. வைத்தியர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற கேள்விக்கு, கொடூரமானதானாலும், அவர்களிடம் ஒரு விடை இருந்தது. கம்பெனியிடம் அதுவும் இல்லை.

1847-ல் தட்டம்மை வந்தது. விட்மன் வெள்ளையர், கயூஸ் என்று இரு தரப்பையும் பார்த்தார், ராப்பகலாக. வெள்ளைக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தன. அருகிலிருந்த கயூஸ்களில் பாதிப்பேர் வரை இறந்தார்கள் என்பார்கள். ஒரே டாக்டர், ஒரே மருந்து, இப்படி ஒரு முடிவு. விஷம் வைக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. ஓநாய்களுக்கு விஷம் தடவிய இறைச்சி வைத்தவர்தானே அவர்! அதற்கும் முன்னால், 1811 வாக்கில், ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த அஸ்டோரியா கோட்டையில் டங்கன் மக்டூகல் என்ற வியாபாரி ஒரு பாட்டிலைக் காட்டி, இதில் பெரியம்மையை அடைத்து வைத்திருக்கிறேன், திறந்துவிட்டால் ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டீர்கள் என்று அங்கிருந்த தலைவர்களை மிரட்டியவன். வெள்ளைக்காரனே சொன்னதைத்தானே பழங்குடிகள் நம்பினார்கள்?

நவம்பர் 29 அன்று மருந்து கேட்பதுபோல் வந்து விட்மனைத் தலையில் வெட்டினார்கள். அவர், நார்சிஸா உட்பட 13 பேர் கொலை. பிணையாகப் பிடிபட்டவர்களை ஹட்சன் பே கம்பெனிக்காரர் ஒருவர் பொருள் கொடுத்து மீட்டார்.

1850 மே மாதம் ஓரிகன் சிட்டியில் ஐந்து கயூஸ்கள்மேல் விசாரணை. கயூஸ்கள் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறியவர்களில் ஒருவர் மக்லாஃப்லின். கம்பெனி வேலையை விட்டு அதே ஊரில் குடியிருந்தார். கயூஸ்களின் வைத்தியர் வழக்கம் தெரிந்து, அங்கே இருக்காதே, ஆபத்து என்று விட்மனை முன்பே எச்சரித்ததாகச் சாட்சி சொன்னார். ஒரு டாக்டர் சாவுக்கு நடந்த வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இன்னொரு டாக்டர்! ஜூரி அதைப் பொருட்படுத்தவில்லை. ஜூன் 3 அன்று ஐவரையும் தூக்கில் போட்டார்கள். தூக்கை நடத்திய மார்ஷல் ஜோ மீக்கின் சிறுமகள் விட்மன் மிஷனில் பிணைக்கைதியாக இருந்தபோது அதே தட்டம்மையில் இறந்தவள். ஐவரையும் எங்கே புதைத்தார்கள் என்று கயூஸ் வம்சத்தார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
தங்கள் தம்பி