பெண்ணாடம்: வாசலைப் பார்க்கும் நந்தியும், பீரோவில் ஒரு பழைய ரிவால்வரும்

விருத்தாசலத்தில் திட்டக்குடி பஸ் ஏறி, ஜன்னல் சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம். வழியெல்லாம் கரும்பு, நெல், மக்காச்சோளம் என்று மாறி மாறி வரும். சுமார் 20 கிலோமீட்டரில் பெண்ணாடம். சென்னை - திருச்சி கார்டு லைனில் இந்த ஊருக்கு ரயில் நிலையமும் உண்டு. ஆனால், பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்கள் நிற்காமல் போய்விடும். கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், வெள்ளாற்றுப் பக்கம் இருக்கும் சின்ன பேரூர் இது.

பேருக்கே ஒரு கதை இருக்கிறது. தேவலோகப் பெண்கள், காமதேனுவாகிய ஆ, ஐராவதம் என்ற கடம் (யானை) மூவரும் வந்து வழிபட்டதால் பெண் - ஆ - கடம், பெண்ணாகடம். நாக்கில் தேய்ந்து தேய்ந்து பெண்ணாடம் ஆகிவிட்டது என்கிறார்கள். அறுபத்து மூவரில் ஒருவரான கலிக்கம்ப நாயனார் இந்த ஊர்க்காரர். 'சிவஞானபோதம்' தந்த மெய்கண்டார் பிறந்ததும் இங்கேதான்.

ஊருக்கு வருகிறவர்கள் முதலில் போவது பிரளயகாலேஸ்வரர் கோயிலுக்கு. தேவாரத்தில் இதன் பெயர் திருத்தூங்கானை மாடம். கருவறையைச் சுற்றி வந்தால் பெயரின் காரணம் புரியும். பின்பக்கச் சுவர் நேராக இல்லாமல், படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்து போகிறது. இந்த அமைப்பை கஜபிருஷ்டம் என்பார்கள்.

இன்னொரு விசேஷம் நந்தி. எல்லா சிவன் கோயிலிலும் நந்தி சுவாமியைப் பார்க்கும். இங்கே சுவாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பிரளய வெள்ளம் ஊருக்குள் வந்தபோது, அதைத் தடுக்கச் சொல்லி ஈசன் கட்டளையிட, நந்தி திரும்பிக்கொண்டது என்பது தல வரலாறு.

அப்பருக்கும் இந்த ஊரோடு ஒரு பந்தம் உண்டு. சமணத்தில் இருந்து திரும்பிய அவர், இந்த உடம்பை வைத்துக்கொண்டு வாழ மனமில்லை, உன் முத்திரையைப் பொறித்துக் கொடு என்று இங்கே வேண்டினார். தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. சூலம் ஓர் ஆயுதம்தான். அவருக்கு அது அடையாளமாக ஆனது.

நான் பெண்ணாடம் போனது கோயிலுக்காக மட்டும் இல்லை. இந்த ஊரில் ஒரு பெரியவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவரிடம் இருப்பது லைசென்ஸ் உள்ள ஒரு பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வர்.

மாடு வாங்குற மாதிரிதான்!

"பேரு போடாதீங்கம்மா. வீட்டுல துப்பாக்கி இருக்குன்னு ஊருக்குத் தண்டோரா போடுறது நல்லதில்ல" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கரும்பு விவசாயம், ஒரு காலத்தில் அரிசி ஆலை. கரும்பு வண்டிகள் இறையூர் ஆலைக்கு வரிசைகட்டி நின்ற காலத்தில், கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டு ராத்திரியில் தனியாக வர வேண்டியிருந்ததாம். அதற்காகத்தான் லைசென்ஸ் வாங்கினார்.

வாங்கியது புதுசு இல்லை, செகண்ட் ஹேண்ட். திருச்சியில் ஒரு டாக்டர், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது முறைப்படி கொண்டுவந்தது. 1999-ல் அவரிடமிருந்து இவர் கைக்கு வந்தது. தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதியை 1980-களிலேயே மத்திய அரசு நிறுத்திவிட்டது. அதனால், முன்பே உள்ளே வந்த வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு இன்றைக்கும் கிராக்கி. மற்றபடி கான்பூர் அரசு தொழிற்சாலையில் செய்யும் .32 ரிவால்வர்தான் பலருக்கும் கிடைப்பது. 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற அரை கிலோ எடை ரிவால்வரை அவர்கள் கொண்டுவந்தபோது, அதன் விலையே ஒரு லட்சத்தைத் தாண்டியது.

பீரோவின் உள்லாக்கரிலிருந்து எடுத்தார். சுழல் உருளையை வெளியே தள்ளி, ஆறு அறையும் காலி என்று முதலில் எனக்குக் காட்டினார். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில்.

"பழசு வாங்குறது மாடு வாங்குற மாதிரிதான். பல்லைப் பிடிச்சுப் பாக்கணும், நடக்கவிட்டுப் பாக்கணும்" என்றவர், தான் அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். குழலுக்குள் டார்ச் அடித்தால் உள்ளே வளைந்து போகும் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும், குழி விழுந்திருக்கக் கூடாது. குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் உருளை சரியாக ஓர் அறை தூரம் சுழன்று, குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு உருளையைப் பிடித்து ஆட்டினால் ரொம்ப ஆடக் கூடாது. பட்டாவில் உள்ள சர்வே எண் நிலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுபோல, லைசென்ஸில் இருக்கும் எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. சாதாரண ரிவால்வரில் இரும்பின் மேல் நீலக் கருப்பாக ஒரு பூச்சு ஏற்றியிருப்பார்கள். எண்ணெய் போட்டுத் துடைக்காமல் விட்டால், நம் ஊர் வேர்வைக்கும் மழைக்கால ஈரத்துக்கும் துரு பிடித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பத்து சதவிகிதத்துக்கு மேல் குரோமியம் இருக்கிறது. அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக உலோகத்தைக் காக்கும். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1965-ல் இந்த உலோகத்தில் ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு போலீஸ்காரர்கள் விரும்பும் உலோகமாகிவிட்டது.

அவர் கையில் இருந்ததில் பளபளப்பு இல்லை. பல வருடம் புழங்கிய எவர்சில்வர் சொம்பு மாதிரி மங்கிய வெள்ளை. பிடியில் மட்டும் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். சினிமாவில் ஹீரோக்கள் சுழற்றும்போது தெரியாத எடை, மணிக்கட்டுக்குத் தெரிந்தது.

சர்வீஸ் ரிவால்வரை வாங்க முடியுமா?

"இதை சர்வீஸ் ரிவால்வர்னு சொல்லலாமா ஐயா?" என்று கேட்டேன். சிரித்தார். "ஆசைக்குச் சொல்லிக்கலாம். நெசமான சர்வீஸ் ரிவால்வர் நம்ம கைக்கு வராதும்மா."

உண்மைதான். நம் போலீஸ் இடுப்பில் பல காலம் தொங்கியது இங்கிலாந்தின் வெப்லி வகை .38 ரிவால்வர். நடுவில் மடித்துத் திறக்கும் ரகம். .38 என்பது இந்தியாவில் தடை செய்யப்பட்ட விட்டம். சாதாரண லைசென்ஸில் அதை வாங்க முடியாது. பெரும்பாலானவர்கள் .32-ல் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். காவல் துறையின் பழைய ஆயுதங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், சென்னை எழும்பூரில் 2021-ல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

லைசென்ஸும் கேட்டவுடன் கிடைப்பதில்லை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் மனு, போலீஸ் விசாரணை, உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கான காரணம் எல்லாம் வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தபட்சம் இரண்டு வருடம் ஜெயில். கல்யாணம், திருவிழாவில் கொண்டாட்டமாகச் சுட்டாலும் குற்றம்தான்.

"எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. ரசீது வாங்கிட்டு வந்துடுவேன். அந்த ஒரு மாசம் வீடே லேசா இருக்கும்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "எனக்கும்தான்" என்றார்.

லீவுக்கு வராத பேரப்பிள்ளைகள்

ஒருமுறைகூட அவர் யாரையும் நோக்கி அதை நீட்டியதில்லை. இப்போது அரிசி ஆலை இல்லை. கூலிப் பணம் போனிலேயே போய்விடுகிறது. ஆனால், ரிவால்வர் இருக்கிறது. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். வாரிசுக்கு மாற்றித் தரச் சட்டத்தில் இடம் உண்டு. லைசென்ஸ்தாரர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். பெரியவருக்கு இரண்டு தகுதியும் இருக்கிறது. மகன் வேண்டாம் என்றுவிட்டார்.

மருமகள் சொன்னது இன்னும் நேரடியானது. "மாமா, அது அந்த வீட்டுல இருக்குறவரைக்கும் பசங்களை லீவுக்கு அனுப்ப எனக்குப் பயமா இருக்கு."

"முதல்ல கோவம் வந்துச்சும்மா. இருபத்தஞ்சு வருஷமா ஒரு தப்பு நடக்காமப் பாத்துக்கிட்டவன்கிட்ட இப்படிச் சொல்றாளேன்னு. அப்புறம் யோசிச்சேன். பூட்டு நல்ல பூட்டுதான். ஆனா சாவி எங்க இருக்குன்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். பசங்களுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்?"

அதனால், விற்பது என்று முடிவு செய்துவிட்டார். அதற்கும் வழிமுறை இருக்கிறது. வாங்குகிறவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்கப் போகும் தகவலை எழுத்துபூர்வமாக மாவட்ட நிர்வாகத்துக்கோ, அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை மாற்ற முடியும். மனு கொடுத்தாகிவிட்டது. நான் போன அன்று பதினெட்டாவது நாள்.

உங்கள் தாத்தா வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பழைய துப்பாக்கி இருக்கலாம். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டாலோ, லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டாலோ, 'ஞாபகார்த்தமா இருக்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசாக வேண்டுமென்றால் பிறகு முறைப்படி மனு செய்யலாம். ஒப்படைக்காமல் வைத்திருந்தால், தாத்தாவின் ஞாபகம் பேரன் மேல் வழக்காக வந்து நிற்கும்.

கிளம்பும்போது, விற்ற பணத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "மாடியில ஒரு ரூம் போட்டு ஏசி வைக்கணும். பெங்களூர் பசங்க, நம்ம ஊர் வெயில் தாங்க மாட்டாங்க" என்றார். கொத்தனாரிடம் ஏற்கெனவே பேசிவிட்டாராம்.