டிஸ்க்கை மாற்றும் முன்

1983ஆம் ஆண்டு பென்ஸ் 240டி. டபிள்யூ 123 வரிசை. எண்பதுக்கு மேல் போகும்போது பிரேக்கைத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது, பெடலிலும் லேசான துடிப்பு. அறுபதுக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. டிஸ்க் புதிது, பேட் புதிது. மாற்றியவுடன் அருமையாக நின்ற வண்டி, சில ஆயிரம் கிலோமீட்டரில் பழையபடி உதறல். "டிஸ்க் பெண்டாயிருச்சுங்க, மாத்தீறலாம்" என்பதுதான் எந்தப் பட்டறையிலும் வரும் பதில். இன்னொரு ஜோடி, இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர், மறுபடி அதே.

டிஸ்க்தான் குற்றவாளி என்றால் புது டிஸ்க்கோடு தீர்ந்திருக்க வேண்டும். தீராமல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், டிஸ்க்கைக் கெடுப்பது வேறு ஏதோ ஒன்று. அது வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

*

ஏன் எண்பதில் மட்டும்? டயர் 195/70, 14 அங்குல ரிம். சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 80 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர்; சக்கரம் வினாடிக்கு 11 சுற்று. டிஸ்க்கில் ஓரிடம் தடித்திருந்தால் வினாடிக்கு 11 உதை. முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் இயல்பாக ஆடும் வேகம் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் சிறு உதை பெரிய ஆட்டமாகிக் கைக்கு வருகிறது. நாற்பதில் போகும்போதும் அந்த உதை இருக்கிறது, கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிரேக் தொடாமலே உதறினால் அது வேறு வியாதி. வீல் பேலன்ஸ், டயர், பால் ஜாயிண்ட் பக்கம் போக வேண்டும்.

*

வேண்டிய கருவிகள்: காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், சாக்பீஸ். ஒரு ஜோடி டிஸ்க்கின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை. பிரேக் வேலை செய்யும் ஒவ்வொரு பட்டறையிலும் டயல் கேஜ் இருந்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் இந்த அளவுகளைச் சொல்ல யாராலும் முடியாது.

*

முதலில் மைக்ரோமீட்டர். டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் கனம் அளக்க வேண்டும். இந்த வண்டியின் முன் டிஸ்க் 278 மி.மீ. விட்டம், புதிதில் கனம் 12.6 மி.மீ., தேய்மான எல்லை 10.6. ஆனால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது இப்போது கேள்வி அல்ல. எட்டு இடமும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே கேள்வி. 0.02 மி.மீ. வித்தியாசம் போதும், ஸ்டியரிங் உதற.

இடது டிஸ்க்கில் அடுத்தடுத்த மூன்று இடங்கள் மெலிந்திருந்தன. மற்ற ஐந்தும் சரி. வளைந்த தட்டு என்றால் எங்கே அளந்தாலும் கனம் ஒன்றாகத்தான் இருக்கும். இது வளையவில்லை, ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது.

*

எப்படித் தேய்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டும், இதுதான் மொத்த விஷயமும்.

டிஸ்க் மாட்டும்போதே கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட வேண்டாம். சக்கரம் சுற்றும்போது தட்டின் ஓரிடம் வெளியே வந்து வந்து போகிறது. பிரேக் பிடிக்கும்போது இதனால் கெடுதல் இல்லை. பேட் இரண்டும் சேர்ந்து அந்த அசைவோடு அசைந்துகொள்ளும். கெடுதல் நடப்பது பிரேக் பிடிக்காமல் ஓடும்போது. காலை எடுத்த பிறகு பேட் டிஸ்க்கை விட்டு விலகும் இடைவெளி மிகச் சிறியது. வெளியே தள்ளிய இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தொட்டுவிட்டுப் போகிறது. தொட்ட இடம் தேய்கிறது, அல்லது பேட் மாவு அங்கே படிகிறது. கோவையிலிருந்து சேலம் போய்த் திரும்பினால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு தொடுகை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் 0.02 மாறிவிடுகிறது. பிறகு உதறல்.

புது டிஸ்க் ஏன் முதலில் நன்றாக இருக்கிறது, பின்னால் ஏன் கெடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. சாய்வு முதல் நாளே இருந்தது. கனம் மாற நாளாயிற்று.

*

கேரல் ஸ்மித் என்ற அமெரிக்கப் பந்தயக் கார் பொறியாளர் இதைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறார். பந்தயக் களத்தில் நெடுங்காலம் இருந்தவர். டிஸ்க் கோணிவிட்டது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, பேட் பொருள் திட்டுத்திட்டாகப் படிந்ததுதான் என்பது அவர் வாதம். அவர் எச்சரித்த இன்னொன்று: படிந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாகும். 650–700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த இடத்து வார்ப்பிரும்பே சிமெண்டைட் என்ற கடினமான சேர்மமாக மாறத் தொடங்கும். அப்புறம் லேத்தில் மேலாக உரசி எடுத்தாலும் அடியில் அது இருக்கும். அதே இடத்தில் மறுபடி திட்டு வரும். நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால் டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதே நல்லது.

1953இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோடு வென்றது. நேர்ச்சாலையின் முடிவில் உச்ச வேகத்திலிருந்து சுற்றுக்குச் சுற்று, ராத்திரி பகலாக அழுத்திப் பிடித்தும் தாங்கியது, டிஸ்க் உலகெங்கும் பரவ ஒரு முக்கியக் காரணம். சூட்டைத் தாங்கவே பிறந்த பொருள் அது. ஊருக்குள் ஓடும் பென்ஸின் பிரேக்கில் கோணிவிடும் என்று எடுத்த எடுப்பில் நம்பக் கூடாது.

*

ஆனாலும் கோணுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். வார்ப்பு ஆறும்போது இரும்புக்குள் இழுவிசை தங்கிவிடும். கோவை வார்ப்பாலைகளில் பழகியவர்களுக்கு இது தெரியும். அந்தக் காலத்தில் வார்ப்புகளை மாதக்கணக்கில் வெட்டவெளியில் போட்டுப் பதப்படுத்திய பிறகே கடைசல் செய்வார்கள். அவசரமாக வார்த்து, அவசரமாகக் கடைந்து, பெட்டியில் போட்ட மலிவு டிஸ்க் முதல் பெரிய சூட்டில் அசையத்தான் செய்யும். மலை இறங்கிய கையோடு சக்கரத்தில் தண்ணீர் பீய்ச்சினாலும் அசையும், விரிசலும் விடும். இரண்டும் உண்மை. ஆனால் அளந்து பார்க்காமல் முதல் சந்தேகத்தை அங்கே வைக்கக் கூடாது.

*

டயல் கேஜ். முதலில் பேரிங் ஆட்டத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முள் பொய் சொல்லும். கேஜின் முனையை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினால், இடது பக்கம் 0.16. கம்பெனி அனுமதிப்பது 0.12 வரை. அதுவே தாராளம்; 0.05க்குள் இருந்தால்தான் எனக்குத் திருப்தி.

இப்போது டிஸ்க்கா ஹப்பா? இந்த வண்டியில் டிஸ்க் ஹப்பின் பின்பக்கம் ஐந்து போல்ட்டில் மாட்டியிருக்கிறது. ஹப்பையே கழற்றினால்தான் டிஸ்க் வரும். வேலை அதிகம். ஆனால் ஒரு வசதி உண்டு. மேடான இடத்தில் டிஸ்க்கிலும் ஹப்பிலும் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு, டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளக்கலாம். மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கில். ஹப் கோட்டிலேயே நின்றால் குற்றம் ஹப்பில்.

நின்றது. ஹப்பில்தான்.

*

ஹப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், டிஸ்க் உட்காரும் முகத்தில் துரு. அதைவிட மோசம், ஒரு போல்ட் ஓட்டையைச் சுற்றி இரும்பு பிதுங்கியிருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஹப்பையும் டிஸ்க்கையும் பிரிக்கச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். அந்தப் பிதுக்கத்தின் மேல்தான் ஒவ்வொரு புது டிஸ்க்கும் உட்கார்ந்திருக்கிறது. முகம் சிறியது, தட்டு பெரியது. முகத்தில் இருக்கும் கோணல் தட்டின் விளிம்புக்குப் போகும்போது பெருகிவிடும்.

மென்மையான அரத்தால் பிதுக்கத்தை மட்டும் எடுத்து, கண்ணாடித் தகட்டின் மேல் எமரித்தாள் வைத்து முகத்தைச் சுத்தம் செய்தாயிற்று. கிரைண்டர் வேண்டவே வேண்டாம், முகமே போய்விடும். பெயின்ட், கெட்டி கிரீஸ் எதுவும் அந்த முகத்தில் படக் கூடாது. மறுபடி மாட்டி அளந்தால் 0.04.

*

லேத் பட்டறைப் பெரியவரிடம் இடது டிஸ்க்கைக் கடையக் கொடுக்கப் போனபோது அவர் சொன்னது: "டிஸ்க்க மட்டும் தனியாக் கொண்டாந்தா நான் என் சக்குல இருக்கற சென்டருக்குத்தானுங்க கடைவேன். உங்க வண்டி சுத்தறது பேரிங் சென்டர்ல. ஹப்போட சேத்துக் கொண்டாங்க."

பேரிங் ரேஸ் உட்காரும் இடத்தை ஆதாரமாக வைத்து, ஹப்பும் டிஸ்க்குமாகவே இரண்டு பக்கமும் கடைந்து தந்தார். இதைவிடச் சரியான வழி கிடையாது. தனியாகக் கடைந்த டிஸ்க் லேத்தில் நேராக இருக்கும். வண்டியில் ஏறினால் சாயும். கடைந்த பிறகு 10.6க்கு மேல் நன்றாக மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

*

பேரிங். டேப்பர் ரோலர் வகை, கையால் ஆட்டம் வைப்பது. 0.01 முதல் 0.02 மி.மீ. வரை. "கொஞ்சம் லூஸ் விடுங்க" என்ற கணக்கில் வைத்தால் 0.1 வரை போய்விடும். டிஸ்க் எவ்வளவு நேராக இருந்தும் பயனில்லை. இதற்கும் அதே டயல் கேஜ்தான்.

*

வீல் போல்ட் 110 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து. பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். ரிம், ஹப், டிஸ்க் மூன்றும் சேர்ந்து இழுபடுகின்றன. கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாளெல்லாம் லாரிக்கும் வேனுக்கும் வேலை செய்கிறவர்கள். "கையில விட்டா போதும் தம்பி, கடைசியா நான் முடுக்கிக்கறேன்" என்று கேட்டுக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை. டிக்கியில் டார்க் ரெஞ்ச்.

*

வலது பக்கம் வேறு கதை. டிஸ்க் நேர், ஹப் நேர். ஆனால் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு ஜாக்கி போட்டுச் சுற்றினால் சக்கரம் இறுக்கம். காலை எடுத்த பிறகும் பேட் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிடித்த இடம் சூடாகும், படியும், தேயும்.

இதற்குச் சோதனை வரிசை உண்டு, மாற்றிச் செய்யக் கூடாது. இறுகியிருக்கும்போதே முதலில் மாஸ்டர் சிலிண்டரில் பைப் நட்டைத் தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அல்லது பூஸ்டரின் தள்ளுகம்பி அளவில். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசித்துளை போன்ற ஒரு வழி இருக்கிறது. சூட்டில் பெருகும் ஆயில் அதன் வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். தள்ளுகம்பி இம்மி நீளமாக இருந்தாலும் பிஸ்டன் அந்தத் துளையை மூடிக்கொண்டு நிற்கும். அங்கே தளர்த்தியும் விடவில்லை என்றால், கேலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டால் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ்தான் அடைப்பு. அதற்கும் விடாவிட்டால் கேலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து நிற்கிறது.

ஹோஸ். வெளியே பார்க்க விரிசல்கூட இல்லை. உள்ளே ரப்பர் வீங்கி வழி சுருங்கிவிட்டிருந்தது. கால் அழுத்தும் விசைக்கு ஆயில் போய்விடுகிறது. திரும்பி வர விசை இல்லை. நாற்பது வயது வண்டியில் நாற்பது வயது ஹோஸ் இருக்கலாம், யாரும் கேட்பதில்லை. நான்கையும் மாற்ற வேண்டும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கூடவே பிரேக் ஆயில். டாட் 4 புதிதில் 230 டிகிரியில் கொதிக்கும்; ஈரம் குடித்த பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

*

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். ஆள், பெட்டியோடு 1,600 கிலோ வண்டி. கணக்குப் போட்டால் அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுதும் வெப்பமானால் ஒன்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கலாம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். மீதி நான்கு இரும்புத் தட்டுகளுக்கு. நடுவில் காற்று போக வழியில்லாத கெட்டித் தட்டுகள் வேறு. இரண்டாம் கியரில் இறங்குவது, விட்டு விட்டு அழுத்திப் பிடிப்பது, லேசாக மிதித்துக்கொண்டே வராமல் இருப்பது: பேருந்து ஓட்டுநர்கள் எப்போதும் சொல்வதுதான்.

அடிவாரம் வந்து டீ குடிக்க நிறுத்தும்போது பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது. கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அமுங்கி நின்றால் அதன் அச்சு விழும். பார்க்கிங் பிரேக் போடலாம். இந்த வண்டியில் அது பின் டிஸ்க்குக்குள் இருக்கும் தனி டிரம்மைத்தான் பிடிக்கிறது. அதற்கும் முன்னால், கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரைப் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு வருவது மேல்.

*

மழைக்காலம். பழைய வண்டிகள் வாரக்கணக்கில் நிற்கின்றன. டிஸ்க் முழுக்கத் துரு, பேட் மூடிய இடம் மட்டும் வேறுவிதம். எடுத்து ஓட்டினால் மேல்துரு போய்விடும், பேட் வடிவத்தில் ஒரு தடம் நிற்கும். உதறல் அங்கிருந்தும் தொடங்கலாம். வாரத்துக்கு ஒருமுறை பத்து கிலோமீட்டர் ஓட்டி நன்றாகப் பிரேக் பிடித்துக் காயவைத்து நிறுத்துவதைவிட நல்ல மருந்து இல்லை. கழுவிய உடனே ஷெட்டில் விடுவது கெடுதல்.

*

புதுப் பேட் பழக்குவது: காலியான சாலையில் எழுபதிலிருந்து இருபதுக்கு, நடுத்தர அழுத்தம், முழுதாக நிற்காமல், பத்து தடவை போல. நடுவில் கொஞ்சம் ஓடவிட்டு, கடைசியில் ஆறும்வரை ஓட்டம். பேட் பொருள் டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிவதற்காகச் செய்வது இது. பட்டறை வாசலில் ஒருமுறை சடாரென்று நிறுத்திப் பார்த்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுப்பதால்தான் பாதி உதறல் பிறக்கிறது.

*

இடது 0.04, வலது 0.05. எட்டு இடத்துக் கனமும் தாளில் எழுதிச் சர்வீஸ் புத்தகத்துக்குள். அடுத்த அளவு மூவாயிரம் கிலோமீட்டரில், உதறினாலும் உதறாவிட்டாலும். பின் டிஸ்க் இரண்டும் இன்னும் அளக்கவில்லை. இருக்கைக்கு அடியில் எப்போதாவது ஒரு துடிப்பு வருகிறது, அது ஸ்டியரிங்குக்கு வருவதில்லை. பின்பக்கம் பார்க்க வேண்டும். ஹோஸ் வந்ததும் இரண்டையும் ஒரே நாளில்.