அம்மா அடுப்புக்கு ஒரு குழாய்

புகையில்லா அடுப்புக்கென்று மத்திய அரசு 1980-களில் தொடங்கிய திட்டம் 2002-இல் முடிந்தே போனது. திருப்பூரில் எங்க லைன் வீட்டை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிவிட்டு வரும் அம்மா, வேஸ்ட் துணியில் தீ மூட்டி, கண்ணெரியச் சோறாக்குவாள். 2005-இல் நாங்களே அடுப்பைத் திருத்திக் கட்டினோம். புற்றுமண், சாணி, உமி, உடைந்த செங்கல், எதற்கும் காசில்லை. ரெண்டாவது சட்டிக்கு அடியில் புகைவழி, அங்கிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாய். குட்டையாக இருந்தால் புகையை இழுக்காது. குழாய்க்கு மட்டும்தான் செலவு.

மூணாம் நாள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "உங்கூட்டுப் பொகை எங்கூட்டு வாசலுக்கு வர்றதா?"

எங்க நெஞ்சுக்குள் போனவரை அந்தப் புகை யாருக்கும் தீட்டில்லை.

"வானத்துக்குத்தானுங்க போகுது" என்றாள் அம்மா.

அடுத்த மாசம் வாடகை 50 ரூபாய் ஏறியது. குழாயை நாங்கள் எடுக்கவில்லை.