ரிச்சி தெரு மாடியில் ஒரு கேமரா மெக்கானிக்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் செல்போன் உறையும் லேப்டாப் சார்ஜரும் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. கேமரா பழுது பார்ப்பவரைத்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துச் சந்து ஒன்றில், குறுகலான மாடிப்படி ஏறினால் வரும் சிறு அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஃபிலிம் கேமரா காலத்தில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அங்கே எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

நான் போயிருந்தபோது கல்லூரி மாணவி ஒருவர், அப்பா பயன்படுத்திய சிறிய டிஜிட்டல் கேமராவோடு வந்து நின்றார்.

“ஆன் பண்ணா லென்ஸ் பாதி வெளிய வருதுண்ணா. அப்படியே நின்னுடுது. பீப் பீப்னு கத்திட்டு ஆஃப் ஆயிடுது.”

“கீழ எங்கனா போட்டியாம்மா?”

“இல்லண்ணா. பீச்சுக்கு எடுத்துட்டுப் போனேன். அதுக்கப்புறம்தான்.”

“அப்ப மண்ணுதான்.”

அப்படிச் சொன்னாலும் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. முதலில் கேமராவில் இருந்த பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தன்னிடமிருந்த நல்ல பேட்டரியைப் போட்டார். பட்டனை அழுத்தி, கேமராவைக் காதருகே வைத்துக் கேட்டார். இவருடைய முதல் பரிசோதனை காதால்தான் நடக்கிறது. சத்தமே வராவிட்டால் கோளாறு மின்சாரம் வரும் வழியில்: பேட்டரி, பச்சை பூத்த தகடு, பேட்டரி மூடிக்குள் இருக்கும் பொடி சுவிட்ச், ஃபியூஸ். மோட்டார் முனகி நின்றால் லென்ஸ். லென்ஸ் ஒழுங்காக வந்து திரை மட்டும் இருண்டிருந்தால் மெனுவை அழுத்திப் பார்க்கிறார். மெனு தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது. ஷட்டர் அல்லது சென்சார் பக்கம் போக வேண்டும். வெயிலில் எடுத்த படம் மட்டும் வெளுத்துப்போய்க் கோடு விழுந்தால் ஷட்டர் திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“பாதி கேமரா சாகறதே இல்ல சார். தானாவே நின்னுக்குது” என்றார். அது உண்மை. பட்டனை அழுத்தியதும் ஒரு சிறு மோட்டார் பிளாஸ்டிக் பல்சக்கரங்களைச் சுழற்ற, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழல்கள் வெளியே வருகின்றன. குழல் உரிய இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று உள்ளிருக்கும் ஒளி உணரி சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் அந்தத் தகவல் வராவிட்டால், மோட்டார் கருகிவிடாமல் இருக்க கேமராவே தன்னை அணைத்துக்கொள்கிறது. இதைப் பார்த்து நாம்தான் கேமரா போய்விட்டது என்று முடிவுகட்டி அலமாரியில் போட்டுவிடுகிறோம்.

மேசையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, கேமராவின் உருவத்தைப் பென்சிலால் வரைந்தார். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அது இருந்த இடத்திலேயே இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினார். கடுகளவு ஸ்க்ரூக்கள், ஒன்றுக்கொன்று நீளம் வேறு. நீளமான ஒன்றைத் தவறான துளையில் முடுக்கினால் அது போர்டையே துளைத்துவிடும்.

மேல் ஓடு விலகியதும் எங்கள் இருவரையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். ஃப்ளாஷுக்கான கப்பாசிட்டர் அங்கே இருக்கிறது. 3.7 வோல்ட் பேட்டரியில் ஓடும் கேமராதான். ஆனால் இந்தக் கப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை ஏறியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது தங்கும். ஒயர் கோத்த ஒரு சிறு பல்பை அதன் இரு முனைகளிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று மின்னி அணைந்தது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே கேமராவைத் திறப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. அந்த அதிர்ச்சி விளையாட்டில்லை.

அடுத்து, நகத்தால் இணைப்பிகளின் தாழ்ப்பாளைத் தூக்கி, ஃப்ளெக்ஸ் எனப்படும் வளையும் ஒயர் பட்டைகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். லென்ஸ் தொகுதி தனியே வந்தது. பின்பக்கம் சென்சாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை அவர் தொடவில்லை. சென்சார் இம்மியளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கிவிடும். பல்சக்கரப் பெட்டியின் மூடியை மட்டும் திறந்து, கண்ணில் லூப் எனும் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரத்தில் லூப்பை என்னிடம் தந்தார். வெள்ளைச் சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே கண்ணாடித் துண்டுபோல் மின்னிக்கொண்டு ஒரே ஒரு மணல் துகள். ஊசி முனையால் அதை எடுத்தார். குழல்களின் விளிம்பை ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடைத்தார். எண்ணெய் விடுவதில்லையா என்று கேட்டேன். “விட்டா கதை முடிஞ்சுது சார். எண்ணெய் நாளாவட்டத்துல ஷட்டர் இதழுக்குப் போயிடும். அது ஒட்டிக்கும்.” கிரீஸ் மட்டும், அதுவும் பல்குச்சி நுனியளவு.

அந்தக் கேமரா பிழைத்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் இவரிடம் மருந்து இல்லை. 2002 அக்டோபர் முதல் 2004 மார்ச் வரை சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்களில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உள்ளிணைப்புகளை விடுவித்துவிட்டன. படம் கறுத்தது அல்லது ஊதா நிறத்தில் சிதைந்தது. 2005இல் இது வெளியே வந்ததும், அந்தச் சென்சாரை வாங்கிப் பொருத்திய கேனான், நிக்கான் போன்ற நிறுவனங்களும் இலவசமாக மாற்றித் தந்தன. இன்று அப்படி ஒரு கேமரா வந்தால் அதே மாடலில் இன்னொன்றின் சென்சாரை எடுத்து வைப்பதைத் தவிர வழியில்லை. உப்புக்காற்று வீசும் சென்னையில் அரித்துப்போன போர்டுகளும் நிறைய.

அவர் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. மேலே ஸ்கெட்ச் பேனாவால் மாடல் எண்கள். உள்ளே இருப்பவை எல்லாம் உயிர்போன கேமராக்களிலிருந்து எடுத்தவை. தயாரிப்பு நின்ற சில ஆண்டுகளில் ஸ்பேர் வருவதும் நின்றுவிடுகிறது. ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்கில் 2010இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலும் இந்தச் சிறிய வகைதான். 2023இல் இந்த வகை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இப்போது இளைஞர்கள் பழைய கேமரா தரும் படத்தின் நிறம் பிடித்துப்போய்த் தேடித் தேடி வாங்குகிறார்கள். கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள், டப்பாக்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. நல்ல தொடக்கம். ஆனால் இந்த அறைவரை எதுவும் வந்து சேரவில்லை. சர்வீஸ் மேனுவல் ஒன்றுகூட இவருக்கு முறையாகக் கிடைத்ததில்லை. திறந்து பார்த்தே எல்லாம் கற்றார். உற்பத்தியை நிறுத்தும்போது வரைபடத்தையும் மிச்சமிருக்கும் ஸ்பேரையும் இவரைப் போன்றவர்களுக்குத் தருவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

உங்கள் கேமரா திடீரென்று நின்றால் முதலில் வேறு பேட்டரி போட்டுப் பாருங்கள். பாதியில் நிற்கும் லென்ஸைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ வேண்டாம். மணலோடு போக வேண்டிய கோளாறு பல் உடைந்து முடியும். இனி எடுக்கப்போவதே இல்லை என்றால், மெமரி கார்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, கேமராவை எடைக்குப் போடாமல் உங்கள் ஊரில் இருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கு ஸ்பேர் வேண்டும்.