முட்டி வலிக்குது என்று சொல்ல ஆறு வாரம்

34 வயதில் சிலம்பம் கற்கப் போனேன். எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாக நடக்கும் வகுப்பு அது. மூன்று பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடத்தான் போனேன். "நீங்க வந்தாதான் நாங்களும் வருவோம்க்கா" என்றார்கள். மாட்டிக்கொண்டேன்.

கம்பு உடனே கைக்கு வராது தோழர்களே. முதலில் காலடிதான். முட்டியை மடக்கித் தாழ்ந்து நிற்க வேண்டும், அப்படியே முன்னும் பின்னும் நகர வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும். வாரத்தில் ஆறு நாள், சிமென்ட் தரையில். இரண்டே வாரத்தில் வலது முட்டிச் சில்லைச் சுற்றி வலி வந்துவிட்டது. படி இறங்கினால் சுருக்கென்றது. பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் காலை நீட்ட முடியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. நான் நின்றால் அந்த மூன்று பேரையும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. என் அம்மா முட்டி வீங்கிய நாளிலும் நடவுக்குப் போனவர். "வலிக்குதுன்னு சொன்னா நாளைக்கு வேற ஆள கூப்பிட்டுக்குவாங்க" என்பார். சமூகவியலில் முதுகலை படித்துவிட்டு, வலியை வெளியே சொல்லுங்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பேசுகிற நானும் அம்மா மாதிரியேதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம் தாங்காமல் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். ஒரு படியிலிருந்து மெல்ல இறங்கச் சொல்லிப் பார்த்தார். என் முட்டி உள்பக்கம் சாய்ந்தது. "முட்டி கெட்டுப்போகலம்மா. தொடையிலயும் இடுப்புலயும் பலம் வர்றதுக்குள்ள வேலைய ஏத்திட்டீங்க" என்றார். எவ்வளவு ஆழமாக மடக்குகிறோமோ அவ்வளவு அழுத்தம் சில்லின் மேல் விழுமாம். போதாததற்கு நான் பாதத்தைத் தரையில் ஊன்றிவைத்துக்கொண்டு உடம்பை மட்டும் திருப்பியிருக்கிறேன். அந்த முறுக்கு முழுக்க முட்டிக்குத்தான். குதிகாலை லேசாகத் தூக்கினால் பாதமும் கூடவே திரும்பும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது பாதி ஆழம்தான் தாழ்கிறேன், முட்டி கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே இருக்கும்படி. வாரம் மூன்று நாள் வகுப்பு. மற்ற நாட்களில் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி மாதிரி உட்காருவது, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, படி ஏறி இறங்குவது. லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம் என்றார். முட்டி வீங்கினாலோ, பாதியில் மாட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது மடங்கி விட்டுப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வாத்தியாரிடம் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். "எனக்கும் இருந்திச்சு மேடம். எங்க ஆசான்கிட்ட சொன்னதே இல்ல" என்றார். மறுநாள் வகுப்பு தொடங்கும்முன், "யாருக்கெல்லாம் எங்க வலிக்குது?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னோடு சேர்ந்த எட்டாம் வகுப்புப் பெண் தூக்கினாள். பிறகு நாலு பையன்கள்.

அவளுக்கு முட்டியில் இல்லை, குதிகாலில்.